கேம்பரின் மூக்கைத் தாழ்த்துவது: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர்களின் (உள்ளேயே தங்கிச் சமைக்க வசதியுள்ள வேன்களின்) பிரேக்கைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரேக்கை விட்டுவிட்டு முன் சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 1973ஆம் ஆண்டு பே விண்டோ (ஒரே வளைந்த முன்கண்ணாடி கொண்ட வகை) கேம்பர் இருக்கிறது. முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதாக எனக்குத் தோன்றுவதால் 60 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்த விரும்புகிறேன். ஒரு பட்டறையில் பீமை அறுத்து அட்ஜஸ்டர் வைத்து வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ட்ராப் ஸ்பிண்டில் போடலாம் என்கிறார்கள்; ஆனால் அதற்குச் செலவு கூடுதல். எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகர், லெஸ்டர்

பதில்: ட்ராப் ஸ்பிண்டிலைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்த வண்டியின் முன்பக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

உங்கள் வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில் எதுவும் கிடையாது. முன்சக்கரங்களுக்கு இடையே குறுக்காக, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. இவற்றைச் சேர்த்தே பீம் என்கிறோம். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய எஃகுப் பட்டைகள் ஒரு கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டின் நடுப்பகுதியை ஒரு கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத திருகு) அதன் மேல் ஒரு லாக் நட்டும் (திருகு தளராமல் பூட்டும் நட்டு) அசையவிடாமல் பிடித்திருக்கின்றன. கட்டின் இரு முனைகளிலும் பின்னோக்கி நீளும் கைகள் மாட்டப்பட்டிருக்கின்றன. அக்கைகளின் நுனியில் பால் ஜாயின்ட்டுகள் (உருண்டை மூட்டுகள்) வழியாக, ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும் நக்கிள் என்ற உறுப்பும், நக்கிளிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிண்டில் என்ற அச்சுமுனையில் சக்கரமும் அமைகின்றன. சக்கரம் மேடேறும்போது கை மேலே எழும்புகிறது, பட்டைக் கட்டு முறுக்கிக்கொள்கிறது. முறுக்கு தளரும்போது கை கீழே இறங்குகிறது. வேட்டியைப் பிழியும்போது இரு கைகளிலும் நாம் உணரும் எதிர்ப்புதான் இந்த வண்டியின் ஸ்பிரிங்.

இனி அட்ஜஸ்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். குழாயின் நடுவில், கிரப் ஸ்க்ரூ இருக்கும் துண்டை அறுத்தெடுத்து, பற்களுடன் கூடிய ஒரு தகட்டின் துணையோடு அதைத் திருப்பி நிறுத்தும்படி வெல்டிங் செய்கிறார்கள். நடுப்பகுதி திரும்பினால் பட்டைக் கட்டு முழுவதுமே திரும்பும். கைகள் முன்பைவிட உயர்ந்த நிலையில் ஓய்வுகொள்ளும். அதனால் வண்டியின் உடல் கீழே வரும். உயரத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம் என்பது இதன் கவர்ச்சி. ஆனால் 60 மில்லிமீட்டர் தாழ்த்தினால், சக்கரம் மேலே எழும்புவதற்கென்று இருந்த இடைவெளியிலிருந்து அதே 60 மில்லிமீட்டரைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கை மேலே உள்ள ரப்பர் தடுப்புக்கு அருகிலேயே எப்போதும் நிற்பதால், சிறு பள்ளத்திலும் அதன் மேல் போய் மோதும். அடுக்களை, மெத்தை, தண்ணீர்த் தொட்டி, நான்கு பேர் என்று சுமந்து செல்லும் கேம்பரில் இது காலி வண்டியில் இருப்பதைவிடப் பல மடங்கு உறுத்தும். பால் ஜாயின்ட்டுகளும் தம் அசைவெல்லையின் ஓரத்திலேயே வேலை செய்ய நேரிடும். மிகவும் தாழ்த்திய பீம்களில் அவை இறுகிப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஷாக் அப்சார்பரின் கீழ் முனை கையில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. ஆகவே அதுவும் பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும், நீளம் குறைந்ததாக மாற்றியாக வேண்டும்.

டை ராடின் சங்கதி தனி. ஸ்டீயரிங்கிலிருந்து வரும் விசை பீமின் நடுவிலுள்ள ஒரு நெம்புகோலுக்குப் போய், அங்கிருந்து இரண்டு டை ராடுகள் வழியாக இரு நக்கிள்களையும் அடைகிறது. கைகள் உயரும்போது டை ராடுகளின் வெளிமுனையும் உயர்ந்து, அவை சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்கும் ராட் மேலும் கீழும் ஆடும்போது அதன் முனை சற்று உள்ளே இழுபடும். அதனால் ஸ்டீயரிங்கை நீங்கள் தொடாமலேயே, மேடு ஏறும்தோறும் சக்கரம் தானாகத் திரும்பும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி ஒருபுறம் வெட்டி இழுப்பதைக் கையில் உணரலாம்.

ட்ராப் ஸ்பிண்டில் இவை எதையும் தொடுவதில்லை. நக்கிளில் சக்கரத்தின் அச்சு இருக்கும் இடம் மட்டும் ஏறத்தாழ இரண்டரை அங்குலம், அதாவது 63 மில்லிமீட்டர் மேலே நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். பட்டைக் கட்டு, கைகள், பால் ஜாயின்ட், டை ராட், ஷாக் அப்சார்பர் ஆகிய எல்லாமே ஹனோவர் தொழிற்சாலையில் வைத்த இடத்திலேயே இருக்கும். வண்டி தாழ்ந்திருக்கும், ஆனால் சஸ்பென்ஷனுக்குத் தான் தாழ்ந்திருப்பதே தெரியாது. நீங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதே அளவுதான் என்பதால், திருப்பி மாற்றும் வசதிக்காக பீமை அறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலாவதாக, உங்கள் வண்டி 1973. முன் டிஸ்க் பிரேக் 1970 ஆகஸ்டில் வந்த மாற்றம், ஆகவே டிரம் பிரேக்குக்கான ஸ்பிண்டில் உங்களுக்கு ஆகாது. சக்கர போல்ட்டுகளின் அமைப்பும் அதே சமயத்தில் 205 மில்லிமீட்டர் வட்டத்திலிருந்து 112 மில்லிமீட்டர் வட்டத்துக்கு மாறியது. எதற்கும் சேஸிஸ் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். இரண்டாவதாக, அச்சு மேலே போவதால் கீழ் பால் ஜாயின்ட் ரிம்முக்கு நெருங்கி வரும்; டயரைப் போடாத வெறும் ரிம்மை முதலில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடைவெளி எங்கே குறைகிறது என்று பார்த்த பிறகே டயரைப் பற்றி யோசியுங்கள். மூன்றாவதாக, சக்கரம் உடலுக்குள் 63 மில்லிமீட்டர் உயர்ந்திருப்பதால், சஸ்பென்ஷன் முழுவதும் அமுங்கும்போது டயர் சக்கர வளைவின் (சக்கரத்துக்கு மேலே உடலில் வளைந்திருக்கும் பகுதியின்) உட்பகுதியைத் தொடுகிறதா என்பதைச் சோதித்தாக வேண்டும். சில ஸ்பிண்டில்கள் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் வெளியேயும் தள்ளும். உரசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பழைய நக்கிளை அறுத்து ஒட்டி வெல்டிங் செய்து ‘ட்ராப்’ ஆக்கியவற்றை மலிவாக விற்பார்கள். வண்டியின் முன்பாரம் முழுவதையும் தாங்கும் ஓர் உறுப்பை அப்படி வாங்குவதைவிட வண்டியை உயரமாகவே ஓட்டலாம்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பாக, மூக்கு உண்மையிலேயே தூக்கியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டியையும் பெட்ரோலையும் நிரப்பிக்கொண்டு, வண்டியைச் சமதளத்தில் சில மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் நடு மையத்திலிருந்து வளைவின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் ஸ்பிரிங்காக இருக்கும் முறுக்குத் தண்டுகள் ஐம்பது ஆண்டுகளில் தளர்ந்து அமர்ந்துவிட்டால், முன்பக்கம் தூக்கியிருப்பதுபோலத்தான் தோன்றும். அந்த நிலையில் குறையை முன்னால் தேடுவது வீண்.

கேள்வி: நான் வாங்கிய 1971 வண்டியை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே தாழ்த்தியிருக்கிறார். எப்படித் தாழ்த்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. அவருக்கு முந்தையவர் செய்ததாம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நேராகப் போக மறுக்கிறது. ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. குண்டும் குழியுமான சாலையில் மூக்கு படகுபோல ஆடுகிறது. என்ன பார்ப்பது?
— வாசகர், டோர்ட்முண்ட்

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வண்டியைத் தாழ்த்துவதற்குக் காசே செலவாகாத ஒரு வழி உண்டு: குழாய்க்குள் இருக்கும் பட்டைக் கட்டிலிருந்து சில பட்டைகளை உருவி வெளியே போட்டுவிடுவது. ஸ்பிரிங் பலவீனமாகும், வண்டி தன் எடையாலேயே அமுங்கித் தாழும். பல ஆண்டுகளுக்கு முன் இது பரவலாக நடந்தது. உங்கள் வண்டியிலும் அதுவே நடந்திருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். இதில் வண்டி தாழ்வதோடு மிருதுவாகவும் ஆகிவிடுவதால், ஓட்டிப் பார்ப்பவருக்கு முதல் நாள் சுகமாகவே இருக்கும். பிறகுதான் பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதும், சாலை வளைவில் சரிவதும், ரப்பர் தடுப்பு தேய்ந்து போவதும் தெரியவரும். மீதமுள்ள பட்டைகள் குழாய்க்குள் இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காக, உருவிய பட்டைகளின் நடுத்துண்டையும் முனைத்துண்டுகளையும் வெட்டி உள்ளேயே செருகி வைப்பதும் உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்துச் சக்கரத்தையும் நக்கிளையும் கழற்றிவிட்டால், கையைப் பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவை அடையலாம். லாக் நட்டைத் தளர்த்திய பிறகு ஆலன் சாவியைத் துளையில் வைக்கும் முன், துளையில் இறுகிப் போயிருக்கும் மண்ணையும் பழைய பெயின்ட்டையும் கூர்மையான கம்பியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையேல் சாவி அரைகுறையாக உட்கார்ந்து துளையின் மூலைகளை வட்டமாக்கிவிடும், பிறகு அரை நாள் வேலை ஒன்றரை நாளாகும். ஸ்க்ரூ வெளியே வந்ததும் கையைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். இப்போது குழாயின் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். கிரீஸில் ஊறிய பட்டைகள் பக்கம் பக்கமாக இறுக அடுக்கி, ஒரு சதுரத் துண்டுபோல் தெரிந்தால் கட்டு முழுமையாக இருக்கிறது என்று பொருள். இடைவெளி தெரிந்தாலோ, வெட்டிய துண்டு ஏதேனும் தனியே ஆடினாலோ உங்கள் ஆட்டத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. கட்டை வெளியே உருவுவதென்றால் நடு ஸ்க்ரூவையும் கழற்ற வேண்டும். கட்டின் நடுவில் அதன் கூர்முனை உட்காருவதற்கென்று ஒரு குழி இருக்கும், திரும்ப மாட்டும்போது முனை அந்தக் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்பதைக் கையால் உணர்ந்த பிறகே லாக் நட்டை இறுக்க வேண்டும். இதற்குத் தீர்வு, முழுக் கட்டை மீண்டும் போடுவது. அப்போது வண்டி பழைய உயரத்துக்கே எழும்பிவிடும். தாழ்வாகத்தான் வேண்டும் என்றால் முதல் பதிலுக்குத் திரும்புங்கள்.

நேராகப் போகாமல் அலைவதற்கு வேறு காரணம் உண்டு. இதைப் பட்டறைக்காரர்களே பல நேரங்களில் கவனிப்பதில்லை. மிதிவண்டியின் முன் கவட்டை செங்குத்தாக நிற்காமல் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வுதான் கையை விட்டு ஓட்டினாலும் சக்கரத்தை நேராக வைத்திருக்கிறது. கார்களில் அதை கேஸ்டர் கோணம் என்கிறோம். உங்கள் வண்டியில் அது ஏறத்தாழ 3 பாகை. மேல் கையும் கீழ்க் கையும் ஒன்றுக்கொன்று இணையாக இயங்குவதால், சக்கரம் எவ்வளவு மேலே போனாலும் நக்கிள் உடலோடு ஒப்பிடும்போது சாய்வதில்லை. ஆனால் வண்டியின் உடலே முன்னால் கவிழ்ந்தால்? சக்கர இடைத்தூரம் 2,400 மில்லிமீட்டர். பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் 60 மில்லிமீட்டர் தாழ்த்தினால் உடல் முழுவதும் 1.4 பாகை முன்னோக்கிச் சாய்கிறது. இருந்த 3 பாகையில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. நெடுஞ்சாலையில் ஓயாமல் ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டியிருப்பது இதனால்தான். லாரி கடந்து செல்லும்போது காற்றடித்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

ட்ராப் ஸ்பிண்டில் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதை லெஸ்டர் வாசகரும் குறித்துக்கொள்ளட்டும். முன்பக்கத்தைத் தாழ்த்தினால் பின்பக்கத்தையும் அதற்கேற்பத் தாழ்த்துங்கள். பின்னால் முறுக்குத் தண்டின் பற்களில் தகட்டை இடம் மாற்றி மாட்டுவதன் மூலம் இதைச் செய்யலாம். ஆனால் அங்கே சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணமும் (அதன் பெயரும் கேம்பர்தான்), உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணமும் (டோ) மாறிவிடும் என்பதால் நான்கு சக்கர அலைன்மென்ட்டைத் தவிர்க்க முடியாது. மூக்கு தரையை முகர்வதுபோல் நிற்கும் வண்டிகள் படத்தில் அழகாக இருக்கின்றன என்பதை மறுக்கமாட்டேன். அவற்றை ஓட்டிக்கொண்டு ஆல்ப்ஸைக் கடப்பவரின் தோள்களைத்தான் யாரும் படமெடுப்பதில்லை.

அலைச்சலுக்கு வேறு எளிய காரணங்களும் இருக்கலாம்: பீம் நடுவிலுள்ள நெம்புகோலின் புஷ் தேய்ந்திருக்கலாம், ஸ்டீயரிங் பெட்டியில் தளர்ச்சி இருக்கலாம். கேஸ்டரைக் குறை சொல்லும் முன் இவற்றையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அட்ஜஸ்டர் வைத்த பீமில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடத் தாழ்வாக இருக்கிறது. அட்ஜஸ்டரைத் திருப்பிச் சரிசெய்ய முடியாதா?
— வாசகர், ஆஸ்லோ

பதில்: முடியாது. அட்ஜஸ்டர் குழாயின் நடுவில் இருக்கிறது. அதைத் திருப்பினால் இரு பக்கமும் ஒரே அளவில்தான் ஏறும், இறங்கும். பக்கத்துக்குப் பக்கம் வேறுபாடு இருந்தால் தவறு வேறெங்கோ இருக்கிறது.

இது எனக்கே நேர்ந்திருக்கிறது. என் முதல் கேம்பரின் பீமை ஒரு பட்டறையில் கொடுத்து அட்ஜஸ்டர் வைக்கச் சொன்னேன். திரும்ப வந்ததும் வலப்பக்கம் 11 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. டயர் காற்று, ஷாக் அப்சார்பர், ஓட்டுநரின் எடை (என் எடை, வேறு யாருடையது!) என்று ஒவ்வொன்றாகப் பழி சுமத்திப் பார்த்தேன். கடைசியில் பீமையே கழற்றி, தட்டையான இரும்பு மேசை மேல் வைத்தபோதுதான் புரிந்தது: ஒரு முனை மேசையைத் தொடவில்லை. வெல்டிங் செய்யும்போது பீமைச் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள். சூட்டில் குழாய் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய தவறு, பட்டைக் கட்டை உள்ளே வைத்தபடியே வெல்டிங் செய்தது. எஃகுப் பட்டையின் பதம் அந்தச் சூட்டில் போய்விடும்; குழாயின் முனைகளிலுள்ள ஊசி பேரிங்குகளின் கிரீஸும் உருகி ஓடிவிடும். உங்களுக்கும் பீமைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வளைந்திருந்தால் நிமிர்த்த முயலாதீர்கள், வேறு பீம் தேடுங்கள்.

அட்ஜஸ்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு குழாய்களிலும் வையுங்கள். ஒன்றில் மட்டும் வைத்தால் மேல் கட்டு ஓர் உயரத்தையும் கீழ்க் கட்டு வேறோர் உயரத்தையும் நாடி, ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: வண்டியைத் தாழ்த்திய பின் டயர் சக்கர வளைவில் உரசுகிறது. குறுக்கிய பீம் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?
— வாசகர், மெல்பர்ன்

பதில்: குறுக்கிய பீம் என்பது இரு சக்கரங்களையும் உள்ளே இழுத்துக்கொள்வதற்காக நீளத்தைக் குறைத்த பீம். அதற்காகப் பட்டைக் கட்டுகளையும் வெட்டிக் குறைத்து, ஸ்க்ரூவுக்கான குழிகளைப் புதிதாகப் போட வேண்டும். டை ராடுகளையும் குறைக்க வேண்டும். முறுக்குப் பட்டை குட்டையானால் விறைப்பு கூடும். வண்டி மேலும் கடினமாக ஓடும். சக்கரங்கள் சேஸிஸுக்கு நெருங்கி வருவதால் முழுமையாகத் திரும்பும்போது அங்கே உரசும், அதைத் தவிர்க்கத் திருப்பத்தைக் குறைப்பார்கள், பிறகு முகாம் மைதானத்தில் ஒரு முறை திரும்ப வேண்டிய இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி அமர்கிறது என்ற அளவை) மாற்றியோ, சற்று ஒடுங்கிய டயரைப் போட்டோ உரசலைத் தீர்க்க முடியாவிட்டால் மட்டும் இதைப் பற்றி யோசியுங்கள். காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் உங்கள் விருப்பம்.

கேள்வி: தாழ்த்தும்போது அழகுக்காக 195/65 ஆர் 15 அளவு டயர் போட்டுவிட்டேன். பக்கவாட்டில் 91 என்று இருக்கிறது. அது போதுமா?
— வாசகர், பிரைட்டன்

பதில்: போதாது. வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

91 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 615 கிலோ தாங்கும் என்று சொல்கிறது. பே விண்டோ வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை ஏறத்தாழ இரண்டேகால் டன். எஞ்சின் பின்னால் இருப்பதால் அதில் பாதிக்கும் மேல் பின் அச்சின் மீது விழுகிறது. நிறைசுமையில் ஒவ்வொரு பின்சக்கரமும் 600 கிலோவுக்கு மேல் சுமக்கும் என்றால், உங்கள் டயர் எல்லையிலேயே நிற்கிறது, சில வண்டிகளில் எல்லையைத் தாண்டியும்விடுகிறது. இவ்வண்டிகளுக்கு உரிய 185 ஆர் 14 வணிக வாகன டயர்களில் 102 என்ற குறியீட்டைக் காணலாம். அது 850 கிலோ. அதே 195/65 ஆர் 15 அளவில் பலப்படுத்தப்பட்ட வகை 95 குறியீட்டில், அதாவது 690 கிலோவுக்குக் கிடைக்கிறது. குறைந்தபட்சம் அதையாவது போடுங்கள். உங்கள் வண்டியின் தகட்டில் ஒவ்வோர் அச்சுக்கும் உரிய எடை பொறிக்கப்பட்டிருக்கும். அதை இரண்டால் வகுத்து, டயரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேகமானியின் கேபிள் இந்த வண்டியில் முன் இடச்சக்கரத்தின் மூடியிலிருந்து சுழற்சியை எடுக்கிறது. பழைய டயரின் விட்டம் சுமார் 650 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் சுமார் 635. ஆகவே வேகமானி இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூட்டிக் காட்டும், இது பாதகமில்லை.

கேள்வி: என்னுடையது 1965ஆம் ஆண்டு ஸ்ப்ளிட் ஸ்கிரீன் (முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த பழைய வகை). மேலே சொன்னவையெல்லாம் அதற்கும் பொருந்துமா? என் மைத்துனரிடம் இருக்கும் 1985 டி3க்கு?
— வாசகர், டொரொன்டோ

பதில்: ஸ்ப்ளிட் ஸ்கிரீனிலும் இரட்டைக் குழாயும் பட்டைக் கட்டும்தான். ஆனால் 1967 ஆகஸ்டில் பே விண்டோ வரும் வரை பால் ஜாயின்ட் இல்லை. எஃகு முளைகளில் சுழலும் கிங் பின், லிங்க் பின் அமைப்பு. ஆகவே இவ்வகைக்கென்றே செய்த ஸ்பிண்டில்தான் வேண்டும். கிங் பின்னுக்கு அடிக்கடி கிரீஸ் அடிப்பது அவசியம். முன்பக்கத்தைத் தூக்கிப் பாரம் இல்லாத நிலையில் அடித்தால்தான் கிரீஸ் எல்லா இடத்துக்கும் போகும். பின்பக்கம்தான் உங்களுக்குத் தலைவலி. சக்கரங்களின் அருகில் இருக்கும் குறைப்புப் பல்சக்கரப் பெட்டிகளே அந்த வண்டியை உயர்த்தி நிறுத்துகின்றன. அவற்றை நீக்கி நேர் அச்சு போட்டால் வண்டி தாழும், ஆனால் கியர் விகிதங்கள் முழுவதும் மாறிப்போவதால் கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டிவரும். 1965 வண்டியின் உண்மைத்தன்மைக்கு இன்று கிடைக்கும் மதிப்பை நினைத்தால், நான் அதில் கை வைக்கமாட்டேன்.

மைத்துனரின் டி3 முற்றிலும் வேறு ஜாதி. 1979இல் வந்த அந்த வண்டியில் பீமே கிடையாது; முன்னால் இரட்டை விஷ்போனும் (ஒன்றின் மேல் ஒன்றாக இரு கவட்டைக் கைகள்) சுருள்வில்லும். குட்டையான சுருள்வில், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர், பிறகு அலைன்மென்ட் என்பதோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: சட்டப்படி இதையெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டுமா?
— வாசகர், ஹாரோ

பதில்: நீங்கள் பிரிட்டனில் இருப்பதால் அதையே முதலில் சொல்கிறேன். 2018 மே மாதத்திலிருந்து, நாற்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்கு ஆண்டுதோறும் எம்ஓடி எனப்படும் சாலைத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆனால் கடந்த முப்பது ஆண்டுகளில் ‘கணிசமான மாற்றம்’ செய்திருக்கக் கூடாது. சஸ்பென்ஷனின் வகையையே மாற்றுவது அந்தக் கணக்கில் வரும். பீமை எடுத்துவிட்டு வேறொரு வண்டியின் சுருள்வில் அமைப்பையோ காற்று சஸ்பென்ஷனையோ பொருத்துபவர்கள் இதை யோசிக்க வேண்டும். ட்ராப் ஸ்பிண்டில் போடும்போது வகை மாறுவதில்லை. கட்டாயமில்லாவிட்டாலும், வேலை முடிந்ததும் ஒரு முறை சோதனைக்கு அனுப்புங்கள்; சஸ்பென்ஷனை இன்னொருவர் கண்ணால் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காத மாற்றம், விபத்து நடந்த பிறகுதான் அவர்களுக்கு முக்கியமாகத் தெரியும்.

ஜெர்மனியில் இருப்பவர்கள் உறுப்புக்குரிய சான்றிதழோடு டியூவ் போன்ற அமைப்பில் சோதித்து, வண்டியின் பத்திரத்தில் பதிவு செய்ய வேண்டும். முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கான எச் எண்பலகை வைத்திருப்பவர்கள் உறுப்பை வாங்கும் முன்பே சோதனையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் காலத்துக்குப் பொருந்தாத மாற்றம் என்று அவர் கருதினால் எண்பலகையையே இழக்க நேரிடலாம்.

கேள்வி: ஸ்பிண்டில் போட்டு முடித்துவிட்டேன். அலைன்மென்ட்டும் ஆயிற்று. இனி வேறு வேலை இருக்கிறதா?
— வாசகர், ஸ்வான்சி

பதில்: இருக்கிறது. முன்பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் முகப்பு விளக்குகள் இப்போது தரையைப் பார்க்கும். ஒளியைச் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிரேக் ஹோஸ்கள் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பும்போது டயரிலோ சஸ்பென்ஷன் கையிலோ படாமல் இருக்க வேண்டும். வேகமானிக் கேபிளையும் அவ்வாறே பாருங்கள். முதல் நூறு மைல் ஓடிய பிறகு கிரப் ஸ்க்ரூக்களின் லாக் நட்டுகள், பால் ஜாயின்ட் நட்டுகள், டை ராட் கிளாம்புகள் ஆகியவற்றை மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். சக்கர வளைவின் உட்புறத்தில் நாலைந்து இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, முழுச் சுமையோடு மேடு பள்ளமான சாலையில் ஓட்டி வந்தால், கோடு அழிந்த இடத்தில்தான் டயர் தொடுகிறது.

பிரிட்டனில் வேகத்தடைகள் 100 மில்லிமீட்டர் வரை உயரம் இருக்கலாம். சுமையேற்றிய நிலையில் பீமின் கீழ்க்குழாய்க்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறைச் சரிவுகளில் நேராக ஏறாமல் சற்றுக் கோணலாக ஏறுங்கள்.